ஒரே அணைக்கு இரண்டு தண்ணீர்

(அல்லிநகரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காடு அழிவதற்கான காரணங்களையும் அதன் விளைவுகளையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் காட்டுக்குள் போகுமுன் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன். ஆற்றைப் பார்த்தால் அதன் தலைமாட்டில் என்ன நடந்திருக்கிறது என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியாது.

நம் வைகை அணைக்கு இரண்டு பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. ஒன்று மூலவைகை. வருசநாட்டு மலையில் வெள்ளிமலைப் பக்கம் பிறந்து, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக இறங்கி வருவது. இன்னொன்று பெரியாற்றுத் தண்ணீர். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே லோயர் கேம்ப்புக்கு வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கரை நனைத்துவிட்டு வைகையோடு கூடுவது. ஐப்பசியில் ஒரு கனமழை பெய்த மறுநாள் இந்த இரண்டையும் போய்ப் பாருங்கள். மூலவைகை ஒரே ராத்திரியில் கரையைத் தொட்டுக்கொண்டு வரும். செங்காவி நிறம். வேரோடு பிடுங்கிய செடி, மரத்தூர், குறுமணல் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். தரைப்பாலத்தில் பஸ் நின்றுவிடும். நாலைந்து நாள் போனால் அதே ஆற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் முல்லை ஆறோ அத்தனை ஆர்ப்பாட்டம் இல்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வித்தியாசம் முழுவதற்கும் காடுதான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். பெரியாற்றின் பக்கம் மழை அதிகம். நாம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மலையின் முதுகுப் பக்கம் இருக்கிறோம், மழை மறைவுப் பகுதி. அங்கே ஓர் அணை தண்ணீரைத் தேக்கி வைத்துக் கொடுக்கிறது, மூலவைகைக்கு அப்படி எதுவும் இல்லை. வைகை என்றைக்குமே வற்றாத ஆறாக இருந்ததும் இல்லை. பரிபாடல் பாடும் வையையும் திடீரென்று புதுப்புனல் பெருகி வரும் வையைதான். வைகைத் தண்ணீர் போதாமல்தானே மதுரைச் சீமைக்கு மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்ப வேண்டியிருந்தது! இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கிறேன்.

கர்னல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையில் 1895இல் தண்ணீர் நின்றது. நம் பள்ளத்தாக்கில் பொங்கலுக்கு அவர் பெயரைச் சொல்லிப் பானை வைக்கும் ஊர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. அது நம் நன்றி. ஆனால் அணை முடிந்து நாலு வருஷத்தில் நடந்த இன்னொரு காரியத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. 1899இல் அந்த ஏரியைச் சுற்றியிருந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு காப்புக்காடாக்கியது. ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதே நோக்கம். பிறகு 1934இல் அது விலங்குச் சரணாலயமானது, 1950இல் விரிந்தது, 1978இல் புலிகள் காப்பகமானது. தேக்கடிக்குப் போய்ப் படகிலிருந்து யானை பார்த்துவிட்டு வருகிறோமே, அந்தக் காடு நிற்பதற்கு முதல் காரணம் நம் வயலுக்கு வரும் தண்ணீர். அணையைக் கல்லால் கட்டினார்கள், அணைக்கு மேலே காட்டால் இன்னோர் அணையை விட்டுவைத்தார்கள்.

வைகைக்கு வருவோம். வைகை அணையை 1959 ஜனவரியில் காமராசர் திறந்துவைத்தார். அந்த அணைக்கு மேலே, வருசநாட்டிலும் மேகமலையிலும் இருக்கும் காட்டுக்கு என்ன பாதுகாப்பு வந்தது? மேகமலை சரணாலயமானது 2009இல். திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம், அறிவிக்கப்பட்டது 2021 பிப்ரவரியில். பெரியாற்றுக்கு நாலு வருஷத்தில் கிடைத்தது வைகைக்குக் கிடைக்க ஐம்பது, அறுபது வருஷம் ஆனது. நடுவே காப்புக்காடு என்று ஏட்டில் இருந்தது உண்மை. ஏட்டில் இருந்ததற்கும் மலையில் நின்றதற்கும் எத்தனை தூரம் என்பதைக் கடமலைக்குண்டுக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போனதும் ஒரு சொம்புத் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் ஊற்றுங்கள். இன்னொரு சொம்பை மக்கிய குப்பைக் குழியில் ஊற்றுங்கள். முதல் சொம்பு வாசல் தாண்டி ஓடிவிடும். இரண்டாவது சொம்பைத் தேடினாலும் கிடைக்காது. மலைக்காட்டில் மரத்தடியில் கணுக்கால் புதையுமளவு சருகு கிடக்கும். அதன் கீழே மக்கு, அதன் கீழே வேர் போன வழியும் மண்புழு போன வழியும். மழை முதலில் இலையில் விழுகிறது, கிளையில் வழிகிறது, சருகில் சொட்டுகிறது. மண்ணைத் தொடும்போது அதன் வேகம் போய்விடுகிறது. மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் தங்கி, தை மாசியில் எங்கோ ஓர் ஊற்றாகக் கசிகிறது. மரம் போன சரிவில் மழைத்துளி நேராக மண்ணை அடிக்கிறது. மேல்மண் கரைகிறது. கரைந்த மண்தான் நாம் பாலத்திலிருந்து பார்த்த செங்காவி. அது போய்ச் சேரும் இடம் அணை. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்று பேப்பரில் தினமும் போடுகிறார்கள். அந்த அளவுகோல் தண்ணீரின் உயரத்தைத்தான் காட்டும், அடியில் படிந்து கிடக்கும் வண்டலைக் காட்டாது. அறுபது வருஷத்துக்கு மேலாக மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அங்கே வந்து படுத்திருக்கிறது.

காடு மழையைக் கொண்டுவரும் என்று பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை இப்போது திருத்திச் சொல்ல வேண்டும். நாலு தெருவில் மரம் வைத்தால் அந்தத் தெருவில் மழை பெய்யாது. மரமும் தண்ணீர் குடிக்கும். புல்வெளியில் கொண்டுபோய் யூக்கலிப்டஸ் நட்டால் ஓடைத் தண்ணீர் குறையும் என்பதை நீலகிரியில் அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மலைத்தொடர் முழுக்க விரிந்து கிடக்கும் பெருங்காட்டின் கணக்கு வேறு. அது தரையிலிருந்து உறிஞ்சிய ஈரத்தை இலை வழியே காற்றில் விடுகிறது, அந்த ஈரத்தைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு ஈரம் தருகின்றன என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டார்கள். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைக்கும் மழையின் ஈரத்தில் 40 விழுக்காடு வரை அந்தக் காடுகளின் பங்கு என்றார்கள். வானம் கைவிடும் வருஷத்தில்தான் காடு அதிகமாகக் கைகொடுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யார் வெட்டினார்கள்?

முதலில் வெட்டியது ரயில். 1856இல் ராயபுரத்திலிருந்து வண்டி ஓடத் தொடங்கியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 2,000 கட்டைகள் குறுக்கே போட வேண்டும், அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எஞ்சினுக்கும் விறகு. அதே 1856இல்தான் சென்னை மாகாணத்துக்குக் காட்டுப் பாதுகாவலர் என்று ஒரு பதவியை உண்டாக்கி ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரை நியமித்தார்கள். மலைவாசிகள் காட்டை எரித்துப் புனம் விதைப்பதை அவர் பெரிய குற்றமாகக் கண்டு அதற்குத் தடை வாங்கினார். தண்டவாளத்துக்குப் போன மரத்தை யாரும் தடுக்கவில்லை, அதை முறைப்படுத்தினார்கள். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது, காப்புக்காட்டு எல்லைக்கல் நட்டார்கள். காட்டில் கிழங்கு தோண்டித் தேனெடுத்து வாழ்ந்த பளியர் அன்றைக்கு மறுநாள் காலையில் எழுந்தபோது தம் காட்டிலேயே திருடர் ஆகியிருந்தார்கள். காட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே காட்டை அறிந்தவனை வெளியே நிறுத்தும் பழக்கம் அங்கே தொடங்கியது. அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்து தோட்டம். 1877இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை வெள்ளைக்காரர்கள் குத்தகைக்கு வாங்கினார்கள். மூணாறு அந்தப் பக்கம் என்றாலும் அதன் தேயிலை இறங்கியது நம் பக்கம்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில் ஓடி, டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள், பிறகு போடிக்குக் கொண்டுபோனார்கள். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது, அது திரும்ப ஓடவே இல்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததற்குப் பின்னால் அந்த மலைச் சரக்கு இருந்தது. போடி ஏலக்காய்க்கும் காபிக்கும் பஞ்சுக்கும் பேர் வாங்கியது. தேனிச் சந்தை பெருத்தது. நம் பள்ளத்தாக்கின் செழிப்பில் ஒரு பங்கு மலையில் மரம் விழுந்ததால் வந்த செழிப்பு. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பேச்சைப் பேசினால் எனக்கு நெஞ்சு கூசும்.

தேயிலையையும் ஏலத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். தேயிலைக்குச் சோலையை அடியோடு எடுத்தாக வேண்டும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் பெருமரங்கள் நின்றன. நின்றாலும், கீழே முளைக்கும் கன்றுகளைக் களையாகப் பிடுங்கிவிடுவார்கள், மேலே கிளையைக் கவாத்துச் செய்வார்கள். கிழவர்கள் மட்டும் வாழும் ஊர் மாதிரி அது. விடிகாலையில் கம்பமெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் பெண்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள்.

சோலை என்ற நம் சொல்லைத்தான் உலகத்து விஞ்ஞானிகள் அந்தக் காட்டுக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். அத்தகைய காடு நிற்கும் மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். ஏற்கெனவே தெரிந்த வௌவால் என்று நினைத்து மும்பையில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். 24 வருஷம் கழித்து, 1972இல், கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்து, உலகத்தில் வேறெங்கும் அறியப்படாத பேரினம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரியும் அந்த மலையில் அப்படி ஒரு உயிர் இருப்பது நமக்குத் தெரியாது. தெரியாமலேயே எத்தனை போயிருக்குமோ.

இனி வருசநாடு. இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்த மலை ஒரு காலத்தில் கண்டமனூர் ஜமீனோடு சேர்ந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும் மாகாணம் எங்கும் காட்டு உடைமைக்காரர்கள் அவசர அவசரமாக மரத்தை வெட்டி விற்றார்கள். அதைத் தடுக்கவே 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மரம் வெட்டக் கூப்பு எடுத்த காண்டிராக்டர்கள் வந்தார்கள். மரம் போன இடத்தில் பாதை இருந்தது, பாதை இருந்த இடத்துக்கு மனிதர் போனார்கள். யார் போனார்கள்? மானாவாரிக் காட்டில் மழை தப்பிப்போன குடும்பங்கள். கடன்காரனுக்குப் பயந்தவர்கள், கூலி கிடைக்காதவர்கள். ஒரு அரிவாளும் ஒரு மூட்டை மொச்சை விதையுமாகப் போனார்கள். மரத்தை வெட்டி, எரித்து, மொச்சை போட்டார்கள், கொட்டைமுத்துப் போட்டார்கள். பிறகு இலவமரமும் முந்திரியும் வைத்தார்கள். அரசரடி, பொம்மராஜபுரம், இந்திராநகர் என்று குடியிருப்புகள் வந்தன. நாம் படுக்கும் மெத்தையில் இருக்கும் இலவம்பஞ்சு அந்தச் சரிவில் காய்த்தது. யாருக்கும் தெரியாமல் நடந்ததா இது? ஓட்டுரிமை கொடுத்தார்கள், ரேஷன் அட்டை கொடுத்தார்கள், தேர்தலுக்குத் தேர்தல் பட்டா தருகிறோம் என்றார்கள். பிறகு ஒருநாள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இலவந்தோப்பு பச்சையாகத்தானே இருக்கிறது, அதுவும் மரம்தானே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பங்குனியில் பஞ்சு எடுக்கும்போது போய்ப் பாருங்கள். இலை உதிர்ந்த மரம், அடியில் கூட்டித் தள்ளிய வெறுந்தரை. காய் பொறுக்க வசதியாகச் சருகை எரித்துவிடுகிறார்கள். மரம் நிற்கிறது, ஆனால் குப்பைக்குழி போய்ச் சிமெண்டுத் தரை வந்துவிட்டது. அரசாங்கக் கணக்கில் இந்த வித்தியாசம் வருவதில்லை. 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர், நிலத்தில் 20.31 விழுக்காடு. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து விழுக்காடு மரநிழல் தெரிந்தால் அது வனப்பரப்பு, யார் நிலமானாலும், என்ன மரமானாலும். வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் நம் மாந்தோப்புகளும் அந்தக் கணக்கில் காடாகிவிட முடியும். பரப்பு குறையவில்லை என்று ஒரு அறிக்கை சொல்லும்போது, எந்தக் காடு போய் எந்தத் தோப்பு வந்தது என்று கேட்கப் பழக வேண்டும்.

வருசநாட்டு மக்களை என்ன செய்வது? 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன் போனவருக்கு அதில் வழி இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, பேரன் எடுத்தவரைப் பார்த்து ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். அவர்கள் இருக்கும் இடம் வைகையின் தலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சரிவு மறுபடி காடாக வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான செலவை அங்கே இருக்கும் ஏழைக் குடும்பம் மட்டும் ஏற்க வேண்டும் என்றால் அது தர்மமா? வைகைத் தண்ணீரைத் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டம் குடிக்கிறது. மலையை விட்டு இறங்கும் குடும்பத்துக்குக் கீழே தண்ணீர் பாயும் நிலமும் வீடும் கொடுக்கும் கடன் அந்த ஐந்து மாவட்டத்துக்கும் உண்டு. விருப்பத்தோடு இறங்குகிறவர்களை முதலில் கௌரவமாகக் குடியமர்த்திக் காட்டட்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் தானாக இறங்குவார்கள் என்றே நான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எங்க ஆத்தா விறகுக்குப் போனவர். விடியுமுன் நாலைந்து பெண்களாகக் கிளம்பி, மலையடிவாரத்துக்குப் போய், உச்சிவேளைக்குத் தலைச்சுமையோடு திரும்புவார்கள். தேனியில் டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் அந்த விறகு போகும். நான் படித்த புத்தகம் அந்த விறகில் வந்தது. முதலில் சுள்ளி பொறுக்கினார்கள். சுள்ளி தீர்ந்தபின் பச்சைக் கிளை. பச்சைக் கிளை எட்டாதபோது இளமரம். வருஷத்துக்கு வருஷம் விறகு தூரமாகப் போனது, ஆத்தா திரும்பும் நேரம் தள்ளிப்போனது. மேலே கடைசிப் பயணத்தில் அவர் முழங்காலில் பட்ட காயம் ஆறவே இல்லை. அடுப்புக்குக் கேஸ் வந்ததும் அடிவாரத்தில் ஒரு பச்சை திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். காட்டைக் காப்பாற்ற நடந்த பெரிய காரியங்களில் அதையும் ஒன்றாகச் சேர்ப்பேன். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த அடிவாரம்தான் நினைவுக்கு வருகிறது.

விளைவு என்றதும் தண்ணீரை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. நெருப்பைச் சொல்ல வேண்டும். மரம் போன சரிவில் ஆள் உயரப் புல் வருகிறது, உண்ணிச்செடி வருகிறது. மாசி பங்குனியில் அது காய்ந்த பஞ்சு மாதிரி இருக்கும். தீ பிடித்தால் மரக்கன்று செத்துவிடும், புல் மட்டும் அடுத்த மழையில் தழைக்கும். ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு விறகு அடுக்கிவிட்டுப் போகிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. சென்னையிலிருந்தும் ஈரோட்டுப் பக்கமிருந்தும் மலையேற வந்த இளம்பிள்ளைகள் சாய்ங்காலக் காற்றில் புல்சரிவு எரிந்தபோது நடுவில் மாட்டிக்கொண்டார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது குரங்கணி, கொட்டகுடி ஊர்க்காரர்கள். போர்வையில் தொட்டில் கட்டி இருட்டில் இறக்கினார்கள். மறுநாள் ஹெலிகாப்டர் வந்தது. ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் போராடி இறந்தவர்களையும் சேர்த்து 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தை மாதமே தீத்தடுப்புக் கோடு வெட்டி முடித்திருக்க வேண்டும், மலையை அறிந்த உள்ளூர் ஆட்களைத் தீக்காவலுக்கு வருஷம் முழுக்கச் சம்பளத்தோடு வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் நாம் கேட்க வேண்டும்.

யானையும் நம் தெருவுக்கு வந்தது. சின்னக்கானல் பக்கம் ஆனையிறங்கல் என்று ஓர் இடம் இருக்கிறது. யானை இறங்கித் தண்ணீர் குடிக்கும் இடம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே தேயிலை வந்தது, ஏலம் வந்தது, அணை வந்தது, 2000களின் தொடக்கத்தில் நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களை யானை வழியிலேயே கொண்டுபோய்க் குடிவைத்த காலனியும் வந்தது. ஏழைக்கு நிலம் கொடுத்தார்கள், ஆனால் யானைக்குச் சொந்தமான நிலத்தைக் கொடுத்தார்கள். அங்கே திரிந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29ஆம் தேதி பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலை வழியாக நடந்து மே 27ஆம் தேதி கம்பம் ஊருக்குள் நுழைந்தது. ஊரடங்கு போட்டார்கள். யானை தட்டிவிட்டதில் காயப்பட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டு ஏற்றிக்கொண்டு போய்க் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். கம்பத்துக்காரர்கள் அந்தப் பத்து நாள் பட்ட பயம் பொய்யில்லை. ஆனால் அந்த யானை தன் பழைய வழியைத் தேடித்தான் நடந்தது.

உலகத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2020இல் சொன்ன கணக்குப்படி 1990க்குப் பிறகு 42 கோடி ஹெக்டேர் காடு போயிருக்கிறது. பிரேசிலில் மாட்டுப் பண்ணைக்கும் சோயாவுக்கும், இந்தோனேசியாவில் பாமாயிலுக்கும் போனது. நம் பலகாரக் கடை எண்ணெயில் அந்தக் காடும் கொதிக்கிறது. பக்கத்தில் இலங்கையில் கண்டிச் சீமை மலைகளைக் காப்பிக்காக மொட்டையடித்தார்கள். 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்தது, அதே மலையில் தேயிலை ஏறியது. அங்கே கோடாலி பிடித்த கைகள் மதுரைச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பஞ்சத்துக்குத் தப்பிப் போன கைகள். காடழித்த லாபம் லண்டன் போனது. அட்டைக்கடியும் லயத்து வீடும் நம் ஆட்களுக்கு மிஞ்சியது.

என் மனதில் இருக்கும் யோசனையைச் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன். 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியிருக்கிறார்கள், மரப்பரப்பை 33 விழுக்காடாக்கப் போகிறார்கள். நல்லது. 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு காடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நடுவதற்கு மேலே ஒரு வேலை இருக்கிறது. மலையில் நெருப்பையும் ஆட்டு மந்தையையும் ஐந்து வருஷம் தள்ளி நிறுத்தினால், வெட்டிய தூரிலிருந்து வேங்கையும் மருதும் தானே தழைக்கும். தழைக்காத இடத்துக்கு மட்டும் விதை வேண்டும். அந்த விதை எந்த மரத்தில் எந்த மாதம் விழும் என்பது பளியர் குடும்பங்களுக்குத் தெரியும். 1882இல் வெளியே நிறுத்தியவர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டிய காலம் இது.

இன்னொன்று. அணைத் தண்ணீரைத் தினமும் அளக்கிறோம். ஊற்றை யாரும் அளக்கவில்லை. வருசநாட்டு மலையில், மேகமலை அடிவாரத்தில், நம் அய்யனார் கோயில் மலையில் எத்தனை ஊற்று இருந்தது, எது எந்த மாதம் வரை கசிந்தது, எந்த வருஷம் நின்றது என்று எந்த ஆபீஸ் ஏட்டிலும் நான் பார்த்ததில்லை. அது இங்கே உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. ஆடு மேய்த்தவர்கள், விறகுக்குப் போனவர்கள், தேனெடுத்தவர்கள் சொன்னால்தான் உண்டு. எந்த இடத்தில் காட்டை முதலில் மீட்க வேண்டும் என்று முடிவு செய்ய அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்க ஆத்தா சொன்ன இரண்டு ஊற்றை எழுதியிருக்கிறேன். ஒன்று பங்குனி வரை ஓடியது. மற்றது சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர்கள் குடிக்கும் அளவுக்கு இருந்தது. கூட்டம் முடிந்ததும் பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். கடமலைக்குண்டுக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வந்து சொல்லுங்கள்.